நிங்போவுக்குப் போன பார்சல்

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது செந்தூர்வேலின் பேண்ட் பின்பக்கம் கிழிந்தது.

ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். 'டர்ர்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வாசல் திறந்து கிடந்தது. இருந்தது ஒரே ஒரு கோட் சூட். மூன்று வருஷத்துக்கு முன்னால் சீனாவுக்குக் கிளம்பும்போது தூத்துக்குடியில் அளவெடுத்துத் தைத்தது. சூட் அப்படியேதான் இருந்தது, இவன்தான் பெருத்துவிட்டான்.

"முருகா! இன்னிக்குத்தானா கிழியணும்?" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அது ஏனோதானோ கல்யாணமாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போர்த்திப் படுத்திருப்பான். இது லியாங் வீட்டுக் கல்யாணம். லியாங் என்றால் இவன் வேலை பார்க்கும் கப்பல் சரக்குக் கம்பெனியின் நிங்போ ஆபீஸ் மேனேஜர். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். அந்த லியாங்கின் மேஜையில்தான் செந்தூர்வேலின் மாற்றல் விண்ணப்பம் கிடந்தது. கம்பெனியின் தூத்துக்குடி கிளையில் ஓர் இடம் காலி. மாதக் கடைசிக்குள் லியாங் ஒரு கையெழுத்துப் போட்டால் இவன் ஊருக்குப் போகலாம். போடாவிட்டால் அந்த நாற்காலியில் சென்னைக்காரன் எவனாவது வந்து உட்கார்ந்துவிடுவான். அப்புறம் அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று அந்தத் திருச்செந்தூர் முருகனுக்குத்தான் தெரியும்.

போன வருஷமும் விண்ணப்பம் கொடுத்தான். அதற்கு முந்தின வருஷமும் கொடுத்தான். இரண்டு தடவையும் லியாங் இவன் தோளைத் தட்டி, "வேல், நீ போய்விட்டால் இந்த ஆபீஸ் என்ன ஆவது?" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, பேப்பரை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

மனுஷனுக்கு நம்மேல் இன்னும் முழுத் திருப்தி வரவில்லை என்பது செந்தூர்வேலின் கட்சி. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போனான். மற்றவர்கள் தப்பாக அடித்து வைத்த சரக்குச் சீட்டுகளையும் தானே உட்கார்ந்து திருத்தினான். அறை, பஸ், ஆபீஸ், துறைமுகம். மூன்று வருஷத்தில் அவன் பார்த்த சீனா அவ்வளவுதான்.

"நீங்க அளவுக்கு மீறி நல்லா வேல பாக்கிய, அதான் அந்த மனுஷன் விடமாட்டேங்காரு" என்பது தூத்துக்குடியில் இருந்த மனைவி அனுசியாவின் கட்சி.

"போளா! நல்லா வேல பாத்தா யாராவது தண்டனை குடுப்பாவளா?" என்று இவன் சிரித்துவிடுவான்.

கிளம்பும்போது மகள் பிரியாவுக்கு ஒன்றரை வயசு. இப்போது நாலரை. வருஷத்துக்குப் பத்து நாள் லீவில் போனால், பிள்ளை முதல் நாலு நாள் இவனைக் கண்டு அழும், அடுத்த நாலு நாள் எட்ட நின்று பார்க்கும், பக்கத்தில் வரும்போது இவனுக்கு டிக்கெட் தேதி வந்துவிடும். "உங்க அப்பா எங்களா?" என்று யாராவது கேட்டால், ஓடிப்போய் போனைக் கொண்டுவந்து காட்டுகிறாளாம். அனுசியா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்ட அன்றைக்கு செந்தூர்வேலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இன்றைக்கு லியாங்கை எப்படியாவது குளிர வைத்தே ஆக வேண்டும். அதற்குப் போய்ப் பேண்ட் கிழிய வேண்டுமா?

அனுசியாவுக்கு போன் போட்டான். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவள் சொன்னது எதுவும் தப்பிப்போனதில்லை. ஏறாதிய என்று அவள் சொன்ன பஸ் வல்லநாட்டில் பஞ்சராகி நின்றிருக்கிறது. வாங்காதிய என்று சொன்ன மனையில் மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்றிருக்கிறது. அதிலிருந்து செந்தூர்வேல் சட்டைக்குப் பித்தான் வாங்குவதாக இருந்தாலும் அவளைக் கேட்டுத்தான் வாங்குவான்.

"ஏளா அனு, பேண்டு கிழிஞ்சுபோச்சு!"

"எங்கன?"

"பின்னால."

"நல்லதாப் போச்சு" என்றாள் அனுசியா. போனில் பின்னணியில் யாரோ ஒருத்தி சுத்தமான தமிழில் 'ஐயோ, என்னை விட்டுப் போய்விட்டீர்களே!' என்று அழுதுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கீழ்வீட்டு ஈவாஞ்சலின் மாடிக்கு வந்துவிடுவாள். அவள் புருஷன் ரோச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் நாலு வருஷமாகக் கிடக்கிறான். பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து டிவியில் எதையாவது போட்டு அழுதுகொண்டிருப்பார்கள்.

"என்னளா நல்லதாப் போச்சுங்க?"

"பார்சல்ல வேட்டி சட்டை அனுப்பியிருக்கம்லா? அத உடுத்திட்டுப் போங்க. கோட்டு சூட்டு அங்க எல்லாவனும்தான் போட்டுருப்பான். நம்ம உடுப்புல போனாத்தான் முதலாளிக்குக் கண்ணுல நிக்கும்."

கல்யாணம் என்று கேள்விப்பட்ட வாரமே அவள் அந்தப் பார்சலை அனுப்பிவிட்டாள். மக்ரூன் இரண்டு கிலோ. அது வந்த அன்றைக்கே ஆபீஸில் காலி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஜரிகைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. ஒரு கட்டு ஊதுபத்தி. கல்யாணப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். சுற்றிலும் சிப்பி ஒட்டி, பன்னிரண்டு எண்களுக்கும் பன்னிரண்டு முத்துப் பதித்தது. சுத்தமான தூத்துக்குடி முத்து என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார். மணிக்கொரு தரம் கோயில் மணிபோல அடிக்கும்.

"அப்புறம் கேளுங்க, சட்டைப் பையில மூணு ஊதுபத்தி வச்சுக்கிடுங்க. தீப்பெட்டியும் வச்சுக்கிடுங்க."

"எதுக்கு?"

"போற எடத்துல சாமி இருந்தா கும்பிட வேண்டாமா?"

செந்தூர்வேல் சட்டையையும் வேட்டியையும் உடுத்தித் துண்டைத் தோளில் போட்டான். லியாங்குக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, மணியையும் சரியாகத் திருப்பி வைத்து, பெட்டியில் கட்டிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்கே அவனைப் பிடித்திருந்தது.

ஹோட்டல் வாசல் முழுக்கச் சிவப்பு. சிவப்புக் கம்பளம், சிவப்பு விளக்கு, சிவப்புத் தோரணம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற போட்டோ ஒன்று, பூ அலங்காரத்தோடு நிறுத்தியிருந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில் செந்தூர்வேல் டாக்ஸியிலிருந்து வெள்ளையாக இறங்கினான்.

கதவைத் திறக்க வந்த ஹோட்டல்காரர் கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, "யார் தவறிப்போனது ஐயா?" என்றார்.

செந்தூர்வேலின் சீனம் ஆபீஸ் சீனம். சரக்கு எப்போது வரும், கண்டெய்னர் எங்கே என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மற்றது தடவித்தான் வரும். தவறியது என்றால் ஏதோ தொலைந்ததைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒன்றும் இல்லை, எல்லாம் என் கையில் இருக்கிறது" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினான். ஹோட்டல்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

அதற்குள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி லின் அக்கா ஓடிவந்து, அவன் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"வேல்! வெள்ளை!"

"ஆமாம் அக்கா. புதுசு" என்றான் பெருமையாக.

"வெள்ளை எங்களுக்குச் சாவு வீட்டு உடுப்பு! கல்யாணத்துக்கு யாராவது வெள்ளை உடுத்தி வருவார்களா? லியாங் பார்த்தால் என்ன நினைப்பார்?"

செந்தூர்வேல் டாக்ஸி போன பக்கம் திரும்பிப் பார்த்தான். "போய் வேறு உடுத்தி வரட்டுமா?"

"வேறு என்ன வைத்திருக்கிறாய்?"

கிழிந்த பேண்ட் ஞாபகம் வந்தது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, "மணப்பெண்ணுக்குக் குண்டூசி வேண்டுமாம். இங்கேயே நில், நான் வந்து ஏதாவது செய்கிறேன்" என்று லின் அக்கா ஓடினாள்.

நிற்கிற ஆளா அவன்? உடனே போனை எடுத்தான்.

"ஏளா! வெள்ள உடுத்தினா இங்க சாவு வீடாம்ளா!"

"ஐயய்யோ, அப்படியா?" என்றாள் அனுசியா. "எனக்கென்ன தெரியும், நான் சாத்தான்குளத்துக்காரி. கொஞ்சம் இருங்க."

பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பஞ்சாங்கம் பார்க்கிறாள்போல என்று செந்தூர்வேல் நினைத்துக்கொண்டான். பாவம், இவ்வளவு தூரத்திலிருந்து நமக்காகச் சகுனம்கூடப் பார்க்கிறாள்.

"கேட்டியளா? தோள்ல கெடக்க துண்ட எடுத்துத் தலையில கெட்டிக்கிடுங்க."

"அதுவும் வெள்ளைதான?"

"கரையில ஜரிகை இருக்குல்லா? தலப்பா கெட்டினா இது வேற நாட்டு ராஜா உடுப்புன்னு பாத்ததுமே தெரிஞ்சிரும். ரெண்டு முனையும் முதுகுல நீளமாத் தொங்கட்டும். அதான் அழகு."

சரியாகத்தான் பட்டது. ஏழு வருஷத்தில் தப்பாத வாய். தூணின் பளபளப்பில் முகம் பார்த்துத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டி, முனை இரண்டையும் முதுகில் விட்டுக்கொண்டு செந்தூர்வேல் மண்டபத்துக்குள் நுழைந்தான்.

செத்தவரின் சொந்த ரத்தம்தான் அங்கே தலையில் வெள்ளைத் துணி கட்டி முதுகில் தொங்கவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த லின் அக்கா குண்டூசி தேடிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் முப்பது வட்ட மேஜை. மேஜைக்குப் பத்துப் பேர். இவன் நடக்க நடக்கப் பேச்சு ஒவ்வொரு மேஜையாக அணைந்தது. வழியில் நின்றவர்கள் விலகி, தலையைக் குனிந்து வழி விட்டார்கள். தலைப்பாகைக்கு இவ்வளவு மரியாதையா என்று செந்தூர்வேலுக்கு உள்ளூர ஒரு குஷி. இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனான். முன்வரிசையில் லியாங்கின் அப்பா, எண்பத்தாறு வயசுக்காரர், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் கொறிப்பதை நிறுத்தினார். யார் போய்விட்டார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்து, தன்னைவிட மூத்தவர் யாரும் அங்கே இல்லை என்பதைக் கவனித்து, மெல்லத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செந்தூர்வேல் பெரியவருக்கு ஸ்பெஷலாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெட்டியைப் பிரித்து, கடிகாரத்தைப் பெரியவருக்கு நேர் எதிரே பரிசு மேஜையில் சாய்த்து வைத்தான். ஒரு எட்டுப் பின்னால் வந்து, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்தும் பார்த்தான். திருப்தியாக இருந்தது.

அவனுக்குப் பத்தாம் நம்பர் மேஜை. ஒன்பது பேர் இருந்தார்கள். இவன் உட்கார்ந்ததும் இருவர் அவசரமாக போன் பேச எழுந்து போனார்கள். திரும்பவில்லை.

மேடையில் பெண் சிவப்புப் பட்டில் வந்தாள். மண்டியிட்டுத் தாத்தாவுக்குத் தேநீர் கொடுக்க வேண்டிய நேரம். மைக் பிடித்தவன்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பெரியவர் கோப்பையை வாங்கி உதட்டில் வைத்தார்.

'டங்ங்...'

மணி பன்னிரண்டு.

தூத்துக்குடிக் கடிகாரம் ஒன்றும் குறைத்து அடிக்கவில்லை. மண்டபம் அதிர நிறுத்தி நிதானமாக அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பெரியவர் கையிலிருந்த கோப்பை தட்டில் கடகடத்தது. பன்னிரண்டாவது அடி ஓய்ந்தபோது கோப்பையில் தேநீர் இல்லை, எல்லாம் சட்டையில் இருந்தது. லியாங் மெதுவாகத் திரும்பி, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செந்தூர்வேலைப் பார்த்தார். செந்தூர்வேல் கை தூக்கி, "நான்தான்!" என்று காட்டினான்.

பக்கத்தில் இருந்த கிரேன் டிரைவர் அவன் காதில் சொன்னார்: "தம்பி, இந்த ஊரில் கிழவனுக்குக் கடிகாரம் கொடுத்தால், உனக்கு நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம்."

சொல்லிவிட்டு அவரும் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

செந்தூர்வேலுக்குச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது. மேஜைக்கடியில் போனைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"கடிகாரமும் தப்பாம்ளா! கிழவர் பயந்துபோயிட்டாரு!"

"மேலுக்கு ஒண்ணும் இல்லியே அவருக்கு?" என்றாள் அனுசியா சட்டென்று. முதல் முறையாக அவள் குரலில் கொஞ்சம் பதற்றம் தெரிந்தது.

"இல்ல, விதை கொறிக்காரு."

"அப்பஞ் சரி. பதறாதிய. மொதல்ல நல்லாச் சாப்பிடுங்க. சாப்பிடாம இருந்தாத்தான் கல்யாண வீட்டுக்காரவளுக்குக் கோவம் வரும்."

சாப்பாடு வந்தது. நண்டு வந்தது, முழு மீன் வந்தது, அது வரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. அடுத்த தட்டைப் பார்த்ததும் செந்தூர்வேலுக்குக் கண் நிலைகுத்தியது. கறுப்பாக, வழவழப்பாக, முள்முள்ளாக, குழம்புக்குள் ஆளுக்கொன்று.

கடல் அட்டை.

தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் அட்டை என்றால் சாப்பாடு ஞாபகம் வராது. பேப்பரில் வரும் படம்தான் ஞாபகம் வரும். முன்னால் மூட்டை, பின்னால் தலை குனிந்து நிற்கும் நாலு பேர், இரண்டு ஓரத்திலும் போலீஸ். ஊரில் அது தடை செய்த சரக்கு, கையில் வைத்திருந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கல்யாணப் போட்டோக்காரன் மேஜைக்கு வந்து கேமராவைத் தூக்கினான். செந்தூர்வேல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல!" என்று தமிழில் கத்திவிட்டான். மேஜையில் மிச்சமிருந்தவர்களில் நாலு பேர் எழுந்தார்கள்.

இருந்தது இரண்டே பேர், ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அட்டையைத் தொடாமல், பரிமாறும் பெண்ணிடம் கெஞ்சி ஒரு கிண்ணம் வெறுஞ்சோறு வாங்கினான். இரண்டு வாய் சாப்பிட்டான். மேடையில் எல்லாரும் கைதட்டினார்கள். இவனும் தட்ட வேண்டுமே, கையிலிருக்கும் இந்தச் சாப்பாட்டுக் கம்பு இரண்டையும் எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் மரியாதைக் குறைவோ? இனி ஒரு தப்புக்கூட நடக்கக் கூடாது. அனுசியாவுக்கு ஒரு வரி அனுப்பினான். உடனே குரலாகவே பதில் வந்தது.

"நட்டமா சோத்துல குத்தி நிறுத்துங்க. கீழ விழாது, சுத்தமாவும் இருக்கும்."

குத்தி நிறுத்தினான். சோற்றுக்கு நடுவில் இரண்டும் ஜோடியாக, நேராக நின்றன. காது மந்தமான அம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள், இவன் தலைத்துண்டைப் பார்த்தாள், புருஷனின் கையைப் பிடித்தாள். செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் கம்பை அப்படி நிறுத்துவார்கள். இரண்டு பேரும் எழுந்து, இவனை நோக்கி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

பத்துப் பேர் மேஜையில் செந்தூர்வேல் ஒற்றையாக உட்கார்ந்திருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் லியாங்கும் மேஜை மேஜையாக வந்து கோப்பை தூக்கி வாழ்த்து வாங்கினார்கள். ஒன்பதாம் மேஜைக்கு வந்தார்கள். அடுத்து நேராகப் பதினோராம் மேஜைக்குப் போனார்கள். லியாங் இவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவ்வளவுதான், கையெழுத்துப் போயிற்று என்று செந்தூர்வேலுக்குப் புரிந்தது. பிரியா ஆறு வயசில் பள்ளிக்கூடம் போகும்போதும் 'அப்பா' என்று போனைத்தான் காட்டப்போகிறாள். கழிப்பறைப் பக்கம் போய் நின்று போன் போட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"என்னங்க? அழுதியளா?"

"எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாவ அனு. லியாங் என் மேஜையத் தாண்டிப் போயிட்டாரு. இனி ஊரு வந்த மாதிரிதான்."

அனுசியா, எப்போதும் இல்லாத மெதுவான குரலில் சொன்னாள்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதச் செஞ்சா எல்லாம் சரியாயிரும்." பேப்பர் புரண்டது. "கண்ணு பட்டிருக்கு. கல்யாண வீட்டுக் கண்ணு சும்மா விடாது. பையில ஊதுபத்தி இருக்கா?"

"இருக்கு."

"பொண்ணு மாப்பிள்ளைக்கு நேருக்கு நேர் சுத்திப்போட்டா பயந்துருவாவ. வாசல்ல போட்டோ வச்சிருப்பாவல்லா? அதுக்கு முன்னால மூணு பத்தியையும் கொளுத்தி வச்சு, மூணு தடவ நல்லாக் குனிஞ்சு கும்பிடுங்க."

"ஏளா..." செந்தூர்வேல் இழுத்தான். "போட்டோ முன்னால பத்தி கொளுத்துறது நம்ம ஊர்லயே..."

"உங்களுக்கு ஊருக்கு வரணுமா வேண்டாமா?"

வரணும். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பூ ஜாடியில் மூன்று பத்தியையும் குத்திக் கொளுத்தினான். புகை சுருள்சுருளாகக் கிளம்பி, சிரிக்கிற பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றிக்கொண்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துண்டு, முதுகில் இரண்டு முனை. கண்ணில் நிஜமான கண்ணீர் வேறு. இடுப்பை மடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கும்பிட்டான்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி தாமதமாக வந்து இறங்கினாள். போட்டோவைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், கும்பிடுகிறவனைப் பார்த்தாள். கையிலிருந்த பரிசுப் பையைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓங்கி ஓர் ஒப்பாரி வைத்தாள். சத்தம் கேட்டு மண்டபமே வெளியே வந்துவிட்டது. செத்ததாக அவள் நினைத்த மாப்பிள்ளையே ஓடிவந்து அத்தையைத் தாங்கிப் பிடிக்க, அத்தை அவனைப் பார்த்து இன்னும் பெரிதாக அலறினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லியாங் வந்தார். முகம் வாசல் தோரணத்தின் சிவப்பில் இருந்தது. பத்தியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"நாளைக் காலை என் அறைக்கு வா" என்றார்.

மறுநாள் காலையில் செந்தூர்வேல் வேலை போனது என்றே நினைத்துப் போனான். லியாங் தலை தூக்கவில்லை. டிராயரைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து, பேனாவைக் குத்திக் கையெழுத்துப் போட்டு, விரல் நுனியால் தள்ளினார்.

"தூத்துக்குடி. வியாழக்கிழமை விமானம். டிக்கெட் கம்பெனி செலவு."

செந்தூர்வேல் பேப்பரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், நேற்று நடந்ததுக்கு..."

"போ" என்றார் லியாங். பிறகு, "அந்தக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போ" என்றார்.

வெளியே லின் அக்காதான் விஷயத்தை உடைத்தாள். "முடியாது என்ற கடிதத்தைப் போன வாரமே அடித்து வைத்துவிட்டார் வேல். நான்தான் அடித்தேன். உன்னைப் போல உழைக்கிறவனை எவன் அனுப்புவான்? ஆனால் நேற்று ராத்திரி பெரியவர் ஒரே பிடிவாதம். அந்த வெள்ளைத் துண்டுக்காரனைக் கடல் தாண்டி அனுப்பும் வரைக்கும் மருந்து சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்."

"பெரியவர் நல்லா இருக்காரா?"

"கல்லு மாதிரி இருக்கிறார். தான் உயிரோடு இருப்பதைக் காட்ட மூன்று கிண்ணம் சாப்பிட்டாராம்."

வியாழக்கிழமை கிளம்பி, இரண்டு இடத்தில் விமானம் மாறி, வெள்ளிக்கிழமை மதியம் வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். பிரியா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் போன். போனையும் பார்த்தாள், இவனையும் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து இவன் காலைக் கட்டிக்கொண்டாள். செந்தூர்வேல் அங்கேயே, டிராலிகள் போகிற வழியில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதான். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வீட்டில் வயிறு நிறைய ஊளிமீன் குழம்பும் சோறும். பிள்ளை மடியைவிட்டு இறங்கவில்லை. சிப்பிக் கடிகாரம் சுவரில் ஏறி ஆறு அடித்தது.

"எப்படியோ வந்து சேந்தாச்சு" என்று செந்தூர்வேல் கையை நக்கினான். "ஆனா ஒண்ணு சொல்லுதேன் அனு, கோவிச்சுக்கிடாத. ஏழு வருசத்துல முதத் தடவையா நீ சொன்னது அம்புட்டும் தப்பிப்போச்சு. ஒண்ணுகூட உருப்படி இல்ல."

"எனக்கென்ன தெரியும்?" என்று அனுசியா இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். "நான் சாத்தான்குளத்துக்காரி."

அப்போது கீழ்வீட்டு ஈவாஞ்சலின் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். இவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"வந்துட்டியளா அண்ணாச்சி! ஏளா அனுசியா, அந்தச் சீனாக்காரன் நாடகத்துல முதலாளி செத்த எபிசோடப் பாத்து, வெள்ளத் துணி, தலைக்கெட்டு, சோத்துல கம்பு, மூணு பத்தின்னு வரிசையா எழுதி வச்சியே ஒரு நோட்டு, அதக் கொஞ்சம் குடுளா. எங்க வீட்டு ரோச்சையும் சிங்கப்பூர்ல ஒரு சீனாக்காரன்தான் நாலு வருசமா விடமாட்டேங்கான், அவன் மவனுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம்!"